தமிழ் வகுப்பும் விஞ்ஞான வகுப்பும்

செங்கோட்டை என்ற பெயரைக் கேட்டவுடன் தேசாபிமானிகளின் உள்ளத்தில் முதலில் எழுவது வாஞ்சிநாதனின் நினைவேயாகும். 1911-ம் வருஷம் ஜூன் மாதம் 17-ந் தேதி மணியாச்சியில் நடந்ததை நமது நேயர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. ஆனால் அவ்வூரை முன்னிட்டு இன்று நாம் எழுத எடுத்துக்கொண்ட விஷயம் அத்தகைய பரபரப்புள்ளதன்று. ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புகளில் வாசிக்கும் பிள்ளைகள் தமிழ் வகுப்பில் கற்பதென்ன, இப்போது அறிவியல் என்று பெயர் பெற்றுள்ள விஞ்ஞான வகுப்பில் கற்பதென்ன, அவ்விரண்டிற்கும் உள்ள சம்பந்தம் என்ன என்பதே அவ்விஷயம். இது உபாத்தியாயர்களுடைய கவலையல்லவா, பொதுக் காரியங்களில் ஈடுபட்டவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு தேசத்து ஜனங்கள் மழையைப் பற்றியும், நோயைப் பற்றியும், மின்சாரத்தைப் பற்றியும் தங்கள் சொந்தப் பாஷையில் காரண காரியத்துடன் பேச வல்லவர்களா, அல்லது அவற்றை அறிந்தவர்கள் சொல்வதற்குத் தலையசைக்க மட்டும் வல்லவர்களா என்பது அந்த மூன்று வருஷங்களில்தான் பெரும்பாலும் தீர்மானமாகிறது என்பதே நமது பதில். சுயாட்சி என்பது ஓட்டுச் சீட்டோடு முடிந்துவிடுவதன்று.

செங்கோட்டையை நாம் உதாரணமாக எடுத்துக்கொண்டதற்குக் காரணமுண்டு. புஸ்தகத்தைத் திறப்பதற்கு முன்பே இயற்கை பாடம் நடத்திக்கொண்டிருக்கும் ஊர் அது. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதுகிறது. மோதிய காற்று மேலேறுகிறது. உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறைவதால் அது விரிகிறது, விரிவதனால் குளிர்கிறது, குளிர்ந்த காற்று தான் சுமந்த நீராவி முழுவதையும் தாங்கமாட்டாமல் மழையாகக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்பொழுது அதே காற்று அமுங்கிச் சூடேறி வறண்டுவிடுகிறது. ஆகையினால்தான் ஜூன், ஜூலை மாதங்களில் மலையாள நாடு மழையில் நனைந்திருக்க, திருநெல்வேலிச் சீமையின் கிழக்குப் பகுதிகள் வெயிலில் காய்கின்றன. ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாய் இருக்கிறது. அங்கே மலைச்சுவர் தாழ்ந்து வழிவிடுவதால், காற்று தன் ஈரம் முழுவதையும் இழந்துவிடாமல் உள்ளே நுழைகிறது. செங்கோட்டையிலும், தென்காசியிலும், குற்றாலத்திலும் அக்காலத்தில் விழும் சாரல் இந்தக் கணவாயின் கொடையேயாகும். மலையில் பெய்யும் மழையினால் குற்றாலத்து அருவிகள் பெருகுகின்றன. சிற்றாறு நிறைந்து ஓடித் தாமிரபரணியில் கலக்கிறது.

மேலே கண்ட விளக்கத்திற்கு எட்டாம் வகுப்புத் தமிழுக்கு மேற்பட்ட சொல் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். காற்று, அழுத்தம், நீராவி, குளிர்தல் என்பவை எல்லாம் பிள்ளைகளுக்குத் தெரிந்த சொற்களே. எனினும், பிறந்தது முதல் சாரலில் நனைந்து வளர்ந்த ஒரு சிறுவனையோ சிறுமியையோ அழைத்து, "சாரல் ஏன் விழுகிறது என்பதைப் பத்து வரிகளில் நீயாகவே எழுது" என்று சொன்னால், எத்தனை பேர் எழுதுவார்கள்? இதுவே நாம் வைக்கும் பரீக்ஷை. எழுத இயலாத பிள்ளைக்கு விஞ்ஞானம் தெரியாதென்று கூறுவதா, தமிழ் தெரியாதென்று கூறுவதா? இரண்டும் ஒரே குறையின் இரண்டு பெயர்கள் என்பதே நமது அபிப்பிராயம்.

பாஷையின் அருமையைச் செங்கோட்டை மற்ற ஊர்களைவிட நன்றாக அறியும். 1956-ம் வருஷம் நவம்பர் மாதம் 1-ந் தேதி வரையில் அது திருவிதாங்கூர்ச் சீமையையும், அதன் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தையும் சேர்ந்த தாலூகாவாக இருந்தது. ஜனங்களுக்குக் கல்வி அளிக்கும் செலவை ராஜாங்கமே ஏற்கவேண்டும் என்று ராணி கௌரி பார்வதி பாய் 1817-ம் வருஷத்திலேயே கட்டளை பிறப்பித்த சமஸ்தானம் அது. அந்தப் பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் தமிழ் பேசும் ஜனங்கள் தமிழ் ராஜ்யத்தோடு சேரவேண்டுமென்று போராடினார்கள். ராஜ்யங்கள் பாஷைவாரியாகச் சீரமைக்கப்பட்டபொழுது, தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலூகாக்களுடன் செங்கோட்டைத் தாலூகாவின் கிழக்குப் பகுதியும் சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தது. மேற்குப் பகுதி கேரளத்தில் நின்றுவிட்டது. இன்று அவ்வூர் 2019-ல் அமைந்த தென்காசி ஜில்லாவில் இருக்கிறது. தமிழுக்காக ராஜ்ய எல்லையையே மாற்றியமைத்த ஓர் ஊரில், அந்தத் தமிழ் பிள்ளைகளின் அறிவுக்கு எவ்வளவு தூரம் கருவியாகிறது என்று கேட்பது பொருத்தமான கேள்வியேயன்றோ?

முதலில் புஸ்தகங்களைப் பார்ப்போம். 2018, 2019-ம் வருஷங்களில் தமிழ்நாட்டு அரசாங்கம் வெளியிட்ட புதிய பாடப்புஸ்தகங்களைப் பற்றி நியாயமாகப் பேசினால், அவற்றில் புகழத்தக்கவை பல உண்டு. தமிழ்ப் புஸ்தகம் இயல் இயலாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வோர் இயலிலும் செய்யுளும், உரைநடையும், துணைப்பாடமும், இலக்கணமும் அமைந்திருக்கின்றன. ஆறாம் வகுப்புப் புஸ்தகத்தில் விஞ்ஞானத்திற்கென்றே ஓர் இயல் ஒதுக்கப்பட்டது. விண்வெளி ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய நெல்லை சு. முத்து அவர்களின் அறிவியல் ஆத்திசூடி அதில் இடம்பெற்றது. சிட்டுக்குருவியைப் பற்றிய உரைநடையில் பறவை ஆராய்ச்சியாளர் சாலிம் அலியின் பெயர் வருகிறது. ஏழாம் வகுப்புப் புஸ்தகம் பிள்ளைகளை முண்டந்துறைப் புலிகள் காப்பகத்திற்கு அழைத்துச் செல்கிறது. அக்காடு செங்கோட்டைக்குத் தெற்கே அதே மலைத்தொடரில் உள்ளது. அதே வகுப்பில், குற்றாலத்தில் வாழ்ந்து 1954-ல் காலமான ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் திருநெல்வேலிச் சீமையின் கவிகளைப் பற்றி எழுதியதும் பாடமாக வைக்கப்பட்டது. தமிழ் வகுப்பு வெறும் இலக்கண மனப்பாடமாக இருந்த காலத்தை அறிந்தவர்கள் இவற்றைக் கண்டு சந்தோஷப்படுவார்கள்.

விஞ்ஞானப் புஸ்தகங்களும் அப்படியே. ஆறாம் வகுப்பில் அளவீடுகள், விசையும் இயக்கமும், தாவரங்கள் வாழும் உலகம், வெப்பம், மின்சாரம், காற்று, செல், காந்தவியல், நீர். ஏழாம் வகுப்பில் அணு அமைப்பு, ஒளி, அண்டம். எட்டாம் வகுப்பில் விசையும் அழுத்தமும், ஒலி, அமிலங்களும் காரங்களும், நுண்ணுயிரிகள், பயிர்ப் பெருக்கம் என்று விஷயங்கள் படிப்படியாக விரிகின்றன. முன்பெல்லாம் உயர்ந்த வகுப்புகளில் மட்டும் எட்டிப் பார்த்த விஷயங்கள் இப்போது பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கைக்கு வந்துவிட்டன. படங்களும் செய்முறைகளும் நிறைய உள்ளன. ஆகவே குறை புஸ்தகத்தில் இருக்கிறது என்று மட்டும் கூறிவிடுவது நியாயமாகாது.

பின் குறை எங்கே? தமிழ் வகுப்பும் விஞ்ஞான வகுப்பும் ஒரே கூரையின்கீழ் வாழும் இரண்டு அந்நியர்களைப்போல் இருப்பதே குறை. தமிழ் வகுப்பில் பிள்ளை கட்டுரை எழுதுகிறான். ஆனால் அது பெரும்பாலும் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று வகுத்துக் கொடுத்த சட்டத்தில், மற்றவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லும் கட்டுரை. தான் கண்டதைக் கண்டவாறு, முன்னது முன்னதாகவும் பின்னது பின்னதாகவும், காரணம் இது காரியம் இது என்று எழுதும் பயிற்சி அங்கே அரிது. விஞ்ஞான வகுப்பிலோ எழுதுவதற்கே இடம் சுருக்கம். சரியான விடையைத் தெரிந்தெடுத்தல், கோடிட்ட இடத்தை நிரப்புதல், பொருத்துதல், சரியா தவறா என்று குறித்தல் ஆகிய கேள்விகளிலேயே பெரும்பாகம் கழிந்துவிடுகிறது. ஒரு சொல்லால் இடத்தை நிரப்பக் கற்ற பிள்ளை, ஒரு வாக்கியத்தால் எண்ணத்தை நிரப்பக் கற்பதில்லை. மதிப்பெண் வந்துவிடுகிறது, அறிவு வந்ததா என்று விசாரிப்பாரில்லை.

இதில் ஒரு நுட்பமான விஷயம் உண்டு. விஞ்ஞானம் பிள்ளைகளுக்குக் கடினமாக இருப்பது அதிலுள்ள புதுச் சொற்களால் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் புதுச் சொற்களைவிடப் பழைய சொற்களே அதிகச் சங்கடம் கொடுக்கின்றன. ஒளிச்சேர்க்கை என்ற சொல்லைப் பிள்ளை முன்பு கேட்டதில்லை. ஆதலால் அதன் பொருளை உபாத்தியாயரிடம் கேட்கிறான். ஆனால் நிறை, எடை, வேகம், விசை, ஆற்றல், வெப்பம் என்பவை அவன் காதுக்குப் பழகியவை. கடைத்தெருவில் எடையும் நிறையும் ஒன்றே. விஞ்ஞான வகுப்பில் நிறை என்பது பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவு. எடை என்பது பூமி அதை இழுக்கும் விசை. சந்திரனுக்குக் கொண்டு போனாலும் நிறை மாறாது. எடையோ ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். வீட்டில் சூடு என்ற ஒரே சொல்லால் சொல்லப்படுவதை விஞ்ஞானம் வெப்பம் என்றும் வெப்பநிலை என்றும் இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு குடம் வெதுவெதுப்பான நீரில் உள்ள வெப்பம், ஒரு கரண்டி கொதிநீரில் உள்ளதைவிட அதிகம் என்பதை இவ்வேறுபாடு தெரியாதவன் எப்படி ஒப்புவான்? பழகிய சொல்லுக்குக் கறாரான பொருள் வரம்பு கட்டுவதே விஞ்ஞானத்தின் முதற்படி. அது பாஷைப் பயிற்சியல்லாமல் வேறென்ன? இந்த வேலையைச் செய்யவேண்டியவர் தமிழ் உபாத்தியாயரும் விஞ்ஞான உபாத்தியாயரும் ஒருங்கே சேர்ந்துதான்.

சொற்களில் நமக்குள்ளேயே ஒற்றுமையில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பாட்டன் பிராணவாயு என்று படித்ததைத் தந்தை உயிர்வளி என்று படித்திருக்கலாம். பேரன் ஆக்சிஜன் என்று படிக்கிறான். கடல் கடந்து யாழ்ப்பாணத்திற்குப் போனால் அதுவே ஒட்சிசன் ஆகிறது. நாம் முடுக்கம் என்பதை அவர்கள் ஆர்முடுகல் என்கிறார்கள். நாம் ஒளிச்சேர்க்கை என்பதை அவர்கள் ஒளித்தொகுப்பு என்கிறார்கள். நாம் நிறை என்று கூறுவதை அவர்கள் திணிவு என்றும், நாம் எடை என்று கூறுவதை அவர்கள் நிறை என்றும் வழங்குகிறார்கள். ஒரே சொல் பாக் ஜலசந்தியின் இரு கரைகளிலும் இரு வேறு பொருள் தருமானால், அது விசாரத்திற்குரியதே. ஆனால் இதிலிருந்து தமிழில் விஞ்ஞானம் இயலாது என்ற முடிவுக்கு வருவது தவறு. இலங்கையில் தமிழ்ப் பிள்ளைகள் பல்கலைக்கழக வாசல் வரையில், க.பொ.த. உயர்தரப் பரீக்ஷையிலும், பௌதிகத்தையும் இரசாயனத்தையும் உயிரியலையும் தமிழிலேயே எழுதி, பின்னர் வைத்தியர்களாகவும் என்ஜினீயர்களாகவும் ஆகிவருகிறார்கள். சொல் வேறுபட்டாலும் கையாண்டுகொண்டே இருந்தால் பாஷை வலுப்பெறும் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

இந்த முயற்சி நேற்றுத் தோன்றியதுமன்று. சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த டாக்டர் சாமுவேல் பிஷ் கிரீன், மானிப்பாயில் தமிழிலே வைத்தியம் கற்பித்து, வைத்திய நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். 1916-ல் சேலத்தில் ராஜாஜியும் அவருடைய நண்பர்களும் சாஸ்திர பரிபாஷைக்கென்று ஒரு சங்கம் கண்டனர். இரசாயனத்தைத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோல் எழுதலாம் என்பதைத் 'திண்ணை ரசாயனம்' என்ற நூலால் ராஜாஜி காட்டினார். நெல்லைச் சீமையில் பிறந்த பெ. நா. அப்புசுவாமி 1917 முதல் தமது முதுமை வரையில் விஞ்ஞானத்தைத் தெளிவான தமிழில் எழுதிவந்தார். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் முயற்சியாலும், சுவாமி விபுலானந்தர் போன்றாரின் உழைப்பாலும் 1938-ல் கலைச்சொற்கள் நூல் வெளியாயிற்று. 1946-ல் தோன்றிய தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரனைப் பிரதம ஆசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரையில் பத்துப் பகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. இவர்கள் யாரும் தமிழைப் புகழ்வதோடு நின்றுவிடவில்லை. தமிழை வேலை வாங்கினார்கள். பாஷைக்கு அதைவிட உயர்ந்த மரியாதை கிடையாது.

"உலகத்து விஞ்ஞானமெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறது, பிள்ளைகளை ஆறாம் வகுப்பிலிருந்தே அதில் பழக்கிவிடுவது புத்திசாலித்தனமல்லவா?" என்று கேட்பவர்கள் உளர். இக்கேள்வியை நாம் அலட்சியம் செய்யவில்லை. 2012-13-ம் கல்வி வருஷம் முதல் அரசாங்கப் பள்ளிகளிலேயே முதல் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் தொடங்கப்பட்டன. அப்பிரிவுகளில் பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோர்கள் தமிழ்த் துரோகிகள் அல்லர். கூலி வேலை செய்யும் தகப்பன், தன் பிள்ளை மேற்படிப்பில் பின்தங்கக்கூடாதே என்று அஞ்சுவதைப் பழிக்க நமக்கு உரிமையில்லை. ஆங்கிலம் வேண்டும், நன்றாக, செம்மையாக வேண்டும். ஆனால் ஆங்கிலத்தைக் கற்பது ஒன்று. புரியாத ஆங்கிலத்தின் வழியாக விஞ்ஞானத்தைக் கற்பது வேறொன்று. பின்னதில் இரண்டும் கிடைக்காமற் போகும் அபாயம் உண்டு. வீட்டிலும் வீதியிலும் ஆங்கிலம் கேளாத பிள்ளை, பொருள் தெரியாத வாக்கியத்தை உருப்போட்டுப் பரீக்ஷைத் தாளில் இறக்கிவைத்தால், அதை விஞ்ஞானம் என்றும் கூறமுடியாது. ஆங்கிலம் என்றும் கூறமுடியாது.

ஆங்கிலத்தின் சரித்திரமே நமக்குச் சாட்சியாக நிற்கிறது. நியூட்டன் 1687-ல் தமது பெருநூலாகிய பிரின்சிபியாவை லத்தீனில் எழுதினார். அக்காலத்து அறிஞர்களின் பாஷை அதுவே. அவரே 1704-ல் ஒளியைப் பற்றிய நூலைத் தமது தாய்மொழியாகிய ஆங்கிலத்தில் வெளியிட்டார். அதற்கு முன்பே, 1632-ல், கலிலியோ தமது உரையாடல் நூலை இத்தாலிய பாஷையில் எழுதினார். பண்டிதர் மட்டுமன்றிப் பாமரரும் வாசிக்கவேண்டும் என்ற ஆசை இல்லாதவர் அவ்விதம் எழுதியிருக்கமாட்டார். நமது தேசத்திலும், 1918-ல் ஹைதராபாத்தில் ஏற்பட்ட உஸ்மானியா சர்வகலாசாலை உருதுவைப் போதனா பாஷையாகக் கொண்டது; அதற்கென ஒரு மொழிபெயர்ப்பு இலாகாவையே நடத்தியது. 1948-க்குப்பின் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது உண்மையே; ஆனால் கைவிட்டது ராஜ்ய நிலைமை மாறியதாலேயன்றி, அந்தப் பாஷையில் விஞ்ஞானம் சொல்ல முடியாததால் அன்று. எந்தப் பாஷையும் விஞ்ஞானத்தோடு பிறப்பதில்லை; உபயோகித்தவர்கள் அதை விஞ்ஞான பாஷையாக்குகிறார்கள்.

சட்டங்களும் கொள்கைகளும் இந்த விஷயத்தில் வாய்மூடி இருக்கவில்லை. தமிழ் கற்கும் சட்டம் 2006-ல் வந்தது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ராஜ்ய அரசாங்க உத்தியோகங்களில் நூற்றுக்கு இருபது இடம் முன்னுரிமையாக ஒதுக்கும் சட்டம் 2010-ல் வந்தது. 2020-ம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கை, கூடுமான இடங்களில் ஐந்தாம் வகுப்பு வரையிலாவது, விசேஷமாக எட்டாம் வகுப்பு வரையிலும், தாய்மொழியே போதனா பாஷையாக இருக்கவேண்டுமென்று கூறுகிறது. அக்கொள்கையின் வேறு பல அம்சங்களைத் தமிழ்நாடு ஏற்க மறுத்து, 2025 ஆகஸ்டு மாதத்தில் தனக்கெனக் கல்விக் கொள்கை வகுத்துக்கொண்டது. எத்தனை பாஷை கற்பிப்பது என்பதைப் பற்றி டில்லிக்கும் சென்னைக்கும் நடக்கும் விவகாரத்தில் நமது ஜனங்களுக்கு நியாயமான கருத்துகள் உண்டு. ஆனால் அந்த விவகாரத்தின் ஆரவாரத்தில், கற்பிக்கப்படுகின்ற ஒரு பாஷையால் பிள்ளை என்ன செய்யக் கற்றான் என்ற கேள்வி காதில் விழாமற் போய்விடக் கூடாது. மூன்றாவது பாஷையைத் தடுத்துவிட்ட மாத்திரத்தில் முதல் பாஷை வளர்ந்துவிடாது.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று கூறுவதும் பொருந்தாது. 2022 நவம்பர் மாதம் 28-ந் தேதி திருச்சிராப்பள்ளியில் தொடங்கப்பெற்ற 'வானவில் மன்றம்' என்னும் திட்டம், ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கென்றே ஏற்பட்டது. விஞ்ஞானச் சாதனங்களோடு கருத்தாளர்கள் பள்ளிதோறும் சென்று, பதின்மூவாயிரத்திற்கும் மேற்பட்ட அரசாங்கப் பள்ளிகளில், பிள்ளைகள் கைப்படச் சோதனை செய்து பார்க்க உதவுவது அதன் நோக்கம். 2025-26-ல் வந்த 'திறன்' என்னும் திட்டம், ஆறாம் வகுப்பிற்கு மேல் வந்தும் வாசிப்பிலும் கணக்கிலும் அடிப்படை கைவராத பிள்ளைகளைத் தூக்கிவிட முயல்கிறது. இரண்டும் நல்ல யோசனைகளே. ஆனால் அவற்றிலும் அந்தப் பழைய பிரிவினை இருக்கிறது. ஒரு திட்டம் சோதனை செய்யச் சொல்கிறது, மற்றொரு திட்டம் வாசிக்கச் சொல்கிறது. சோதனை செய்ததை எழுதவும், எழுதியதைச் சக மாணவர் முன் வாசித்துக் காட்டவும், கேட்டவர்கள் குறுக்குக் கேள்வி போடவும் ஏற்பாடு செய்தால் இரண்டு திட்டங்களும் ஒன்றாகிப் பலன் இரட்டிப்பாகும். இதற்குப் புதிய பணமும் வேண்டாம். புதிய இலாகாவும் வேண்டாம்.

செங்கோட்டையைப் போன்ற ஓர் ஊரில் இது எவ்வளவு எளிது என்று பாருங்கள். ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும்போதே சாரல் காலமும் வருகிறது. பக்கம் நேராக உள்ள ஒரு தகர டப்பாவைத் திறந்தவெளியில் வைத்து, நாள்தோறும் காலையில் அளவுகோலால் நீரின் உயரத்தை மில்லிமீட்டரில் அளந்து குறித்தால், அதுவே மழைமானி. செங்கோட்டைப் பிள்ளைகளும், கிழக்கே சில மைல் தள்ளியுள்ள பள்ளியின் பிள்ளைகளும் தங்கள் குறிப்புகளை ஒப்பிட்டால், கணவாயின் கொடை எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று தாங்களே கண்டுகொள்வார்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவம் வந்ததும் கணக்கு எப்படி மாறுகிறது என்பதையும் காண்பார்கள். அதே கணவாய்க் காற்றுதான் கிழக்கே காற்றாலைகளைச் சுழற்றி மின்சாரமாகிறது. மின்சாரப் பாடத்திற்கு வேறு உதாரணம் எதற்கு? செங்கோட்டையிலிருந்து புனலூருக்குப் போகும் மலைரயில் பாதை 1904-ல் திறக்கப்பட்டு, 2018-ல் அகலப் பாதையாக மாறியது; கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலம் நிற்கிறது. சரிவில் ஏறும் ரயிலுக்கு ஏன் அதிக விசை வேண்டும், பாலத்திற்கு வளைவு ஏன் பலம் தருகிறது என்பவை விசையும் இயக்கமும் என்ற பாடத்தின் கேள்விகளேயல்லவா? குற்றாலத்துப் பருவத்தில் கடைகளில் விற்கும் மங்குஸ்தானும் ரம்புட்டானும் சமவெளியில் ஏன் விளைவதில்லை என்பது தாவரப் பாடம்.

தமிழ் வகுப்பும் இதில் பின்வாங்க வேண்டியதில்லை. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியிலே மலையையும் அருவியையும் வருணித்தார். அந்த வருணனையைச் சுவைக்கும் பிள்ளை, அதே அருவியில் ஒரு நிமிஷத்தில் எவ்வளவு நீர் விழும் என்று கேட்டால் கவிக்கு ஒரு குறைவும் வந்துவிடாது. கவி பார்க்கும் பார்வையும், விஞ்ஞானி பார்க்கும் பார்வையும் கூர்ந்து பார்ப்பதில் ஒன்றே. ஒருவர் தம் உள்ளத்தில் எழுந்ததைச் சொல்லுகிறார். மற்றவர் எல்லோரும் சோதித்து அறியக்கூடியதைச் சொல்லுகிறார். இரண்டையும் பிரித்தறியும் ஆற்றலைப் பன்னிரண்டு வயதில் பெற்ற பிள்ளை, பின்னாளில் மேடைப் பேச்சில் அலங்காரம் எது, ஆதாரம் எது என்று பிரித்தறியும் பிரஜையாவான். ஜனநாயகத்திற்கு வேண்டிய பிரஜை அவனே. நோய் பரவும் காலத்தில் வதந்தியை நம்பி அலையாதவனும், ஓடையில் கழிவு கலந்தால் மனு எழுதி நியாயம் கேட்கத் தெரிந்தவனும், அணையின் நீர்மட்டக் கணக்கைப் பார்த்துக் கேள்வி கேட்கத் தெரிந்தவனும் அவனே.

ஆகவே நாம் கேட்பது அதிகமில்லை. முதலாவதாக, ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில், தமிழ்ப் பரீக்ஷையில் ஒரு கேள்வி பிள்ளை தானே கண்டு அறிந்த ஓர் இயற்கை நிகழ்ச்சியை விளக்குவதாகவும், விஞ்ஞானப் பரீக்ஷையில் ஒரு கேள்வி சொந்த வாக்கியங்களில் காரணம் கூறுவதாகவும் இருக்கட்டும். பரீக்ஷையில் கேட்பதைத்தான் பள்ளியில் நடத்துவார்கள் என்பது உலகறிந்த விஷயம். இரண்டாவதாக, கட்டாயக் கல்விச் சட்டம் 2009-ல் விதித்தபடி, இவ்வகுப்புகளில் விஞ்ஞானத்திற்கும் கணக்கிற்கும் ஒருவர், பாஷைகளுக்கு ஒருவர், சமூக பாடங்களுக்கு ஒருவர் என்று உபாத்தியாயர்கள் ஒவ்வொரு பள்ளியிலும் உண்மையில் இருக்கட்டும். ஏட்டில் இருப்பது போதாது. தமிழ் உபாத்தியாயரும் விஞ்ஞான உபாத்தியாயரும் மாதம் ஒருமுறையாவது சேர்ந்து ஒரே பாடத்தை நடத்த நேரம் ஒதுக்கப்படட்டும். மூன்றாவதாக, தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வழங்கும் பள்ளிக் கலைச்சொற்களை அறிஞர்கள் ஒப்பிட்டு, ஒரே சொல் இரு பொருள் தரும் இடங்களையாவது முதலில் நேர்செய்யட்டும். நான்காவதாக, பள்ளி நூல்நிலையத்தில் எளிய விஞ்ஞான நூல்கள் பூட்டிய அலமாரியில் உறங்காமல் பிள்ளைகளின் கையில் புழங்கட்டும்.

இவற்றில் அரசாங்கம் செய்யவேண்டியது பாதி. ஜனங்கள் செய்யவேண்டியது பாதி. ஒவ்வோர் அரசாங்கப் பள்ளியிலும் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அங்கத்தினரில் முக்கால் பங்கினர் பெற்றோர்; பாதிப்பேர் ஸ்திரீகள். கூரை ஒழுகுகிறதா, சுவர் கட்டியாயிற்றா என்று விசாரிக்கும் அக்குழு, "எங்கள் பிள்ளைகள் தாங்களாக எழுதிய பத்து வரி எங்கே, காட்டுங்கள்" என்றும் விசாரிக்கலாம். அப்படி விசாரிக்க ஒரு பட்டமும் வேண்டியதில்லை. எழுத்து வாசனையில்லாத தாயார்கூடத் தன் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். வயலிலும் தோட்டத்திலும் தான் கண்டறிந்ததோடு அது ஒத்திருக்கிறதா என்று சொல்லலாம். ஊர்தோறும் பொதுவேலை செய்யும் இளைஞர்கள் இந்தக் காரியத்தைத் தங்கள் வேலைத்திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்று நாம் வற்புறுத்துகிறோம். தமிழ் வாழ்க என்று சுவரில் எழுதுவது நல்லதே. தமிழால் ஒரு பிள்ளை மழையின் காரணத்தை எழுதுவது அதைவிட நல்லது.

எல்லையை மாற்றித் தமிழ் ராஜ்யத்தில் சேர்ந்த செங்கோட்டை ஜனங்கள் அன்று கேட்டது தங்கள் பாஷையில் பேசும் உரிமையை மட்டுமன்று. தங்கள் பாஷையில் உயரும் உரிமையையும் கேட்டார்கள். முதலாவது கிடைத்தது. இரண்டாவது, இன்று ஆறாம் வகுப்புப் பெஞ்சியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாம் இன்னும் செலுத்தவேண்டிய கடனாக நிற்கிறது. கல்வி அதிகாரிகளும், உபாத்தியாயர்களும், பெற்றோர்களும் இக்கடனைத் தீர்ப்பதற்குரிய காரியத்தை இந்தக் கல்வி வருஷத்திலேயே ஆரம்பிப்பார்களென்று நம்புகிறோம்.